இம்பாலாவும் ஏலகிரி இறக்கமும்

பழைய அமெரிக்க வண்டிக்கு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸையும் டார்க் கன்வெர்ட்டரையும் மாற்றலாமா என்று யாராவது கேட்டால், நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். "வண்டி எங்கே ஏறி, எங்கே இறங்கப் போகிறது?" எத்தனை நொடியில் நூறு கிலோமீட்டர் வேகம் பிடிக்கும் என்பது இரண்டாம் பட்சம். நம் பக்கத்தில் ஆம்பூர் பஜார் நெரிசல் இருக்கிறது, மே மாத வேலூர் வெயில் இருக்கிறது, ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. இந்த மூன்றுக்கும் பொருந்தாத கியர்பாக்ஸை எந்த விலை கொடுத்து வாங்கினாலும் அது வீண் என்பது என் கட்சி.

இம்பாலா என்ற சொல்லை என் வயதுக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பணக்காரன் என்று சொல்ல வேண்டிய இடத்தில் "இம்பாலா வெச்சிருக்கான்" என்று சொன்ன காலம் ஒன்று இருந்தது. வெளிநாட்டுக் கார் இறக்குமதிக்குக் கதவு ஏறக்குறைய அடைத்திருந்த நாட்களில், தூதரகங்கள் ஓட்டிக் கழித்த வண்டிகள் எஸ்.டி.சி. வழியாக ஏலத்துக்கு வரும். அப்படி வந்த வண்டிகள் கைமாறிக் கைமாறி மெட்ராஸ், பெங்களூர் என்று சுற்றி, தோல் வியாபாரம் கொழித்த நம் ஊர்களின் ஷெட்டுகளுக்கும் வந்து சேர்ந்தன.

வந்தவை எல்லாம் வந்தபடியே இருக்கவில்லை. 1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்து பெட்ரோல் விலை ஏறியதும், பெரிய வி8 எஞ்சின்களைத் தூக்கிப் போட்டுவிட்டு டீசல் எஞ்சின் ஏற்றும் பழக்கம் நாடு முழுக்கப் பரவியது. எஞ்சினோடு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸும் போயிற்று. அதைப் பிரித்துப் பார்த்த மெக்கானிக் நம் பக்கத்தில் அப்போது யாரும் இல்லை. உள்ளே பல் சக்கரம் மட்டும் இருந்தால் யாராவது தைரியமாகக் கை வைத்திருப்பார்கள். பட்டை, கிளட்ச் தட்டு, வால்வு, சின்னச் சின்ன ஸ்பிரிங், அத்தனைக்கும் நடுவே எண்ணெய் ஓடும் சந்துகள் என்றால் யார் தொடுவார்கள்? லாரி கியர்பாக்ஸ் ஒன்றைக் கொண்டுவந்து பொருத்தினார்கள். கழற்றிய பெட்டி காயலான் கடைக்குப் போய் அலுமினியம் விலைக்கு எடை போடப்பட்டது. நானே இரண்டு பெட்டிகள் அப்படிப் போனதைப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அது கிலோ கணக்கு. இன்றைக்கு அதே பெட்டியைத் தேடி அமெரிக்காவுக்கு ஆர்டர் போடுகிறார்கள்.

அந்தக் கதியிலிருந்து தப்பிய வண்டிதான் ஆம்பூரில் என் நண்பர் பாய் வீட்டில் நிற்பது. அவருடைய டேனரியில் நான் பராமரிப்புப் பிரிவில் பல வருஷம் இருந்தேன் என்பது இங்கே வழக்கமாக வருகிறவர்களுக்குத் தெரியும். 1964 மாடல். 283 கன அங்குல எஞ்சின், நம் கணக்கில் 4.6 லிட்டர். அமெரிக்கர்கள் அன்று போட்ட தாராளக் கணக்குப்படி 195 குதிரைசக்தி. அதே காலத்து அம்பாசிடருக்கு ஐம்பது சொச்சம்தான் என்பதை நினைத்துக்கொண்டால் இந்த வண்டியை ஏன் ராட்சசன் என்றார்கள் என்று புரியும். கியர்பாக்ஸ் பவர்கிளைடு. முன்னுக்குப் போக இரண்டே கியர்.

பாயின் பேரன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். நல்ல பையன், தாத்தாவின் வண்டி மேல் உயிர். போன மாதம் போனைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். "சார், நாலு கியர் பாக்ஸ் போடலாம், 3000 ஸ்டால் கன்வெர்ட்டர் போடலாம். சிக்னல்ல இருந்து பறக்கும் சார்."

"எந்த சிக்னல் தம்பி?" என்றேன். ஆம்பூரில் பறப்பதற்கு ஏற்ற சிக்னல் எனக்குத் தெரிந்து கிடையாது.

பையனை நான் குறை சொல்லவில்லை. அவன் பார்த்த வீடியோக்கள் கால் மைல் நேர்கோட்டில் பந்தயம் ஓட்டுகிறவர்களுடையது. சோழவரம் ஓடுபாதையில் வெயிலில் நின்று ரேஸ் பார்த்த தலைமுறை நாம், அந்த ஆசை நமக்குப் புரியாததா? ஆனால் பந்தயக்காரனுக்குத் தேவையானது ஒன்று, பாய்க்குத் தேவையானது வேறு. அதைச் சொல்ல டார்க் கன்வெர்ட்டர் என்ன செய்கிறது என்று கொஞ்சம் பேச வேண்டும்.

பழைய டேனரிகளில் மேலே ஒரு நீண்ட லைன் ஷாஃப்ட் ஓடும், அதிலிருந்து பட்டை பெல்ட் இறங்கி ஒவ்வொரு டிரம்மையும் சுற்றும். தோலும் தண்ணீரும் சுண்ணாம்பும் நிரம்பிய மர டிரம் நின்ற நிலையிலிருந்து கிளம்புவது லேசல்ல. பெல்ட்டைத் தள்ளியவுடன் டிரம் அசையாது, பெல்ட் வழுக்கும். வழுக்கி வழுக்கி, முனகி, மெல்ல டிரம் சுற்ற ஆரம்பித்து, பிறகு இரண்டும் ஏறக்குறைய ஒரே கதியில் போகும். அந்த வழுக்கல் இல்லாவிட்டால் பெல்ட் அறும், இல்லை மோட்டார் நிற்கும். ஆனால் வழுக்கல் நீடித்தால்? பெல்ட் தீய்ந்த வாடை வரும். அந்த வாடை தெரிந்தவர்கள் இதைப் படிக்கிறவர்களில் நிறைய பேர் இருப்பீர்கள்.

டார்க் கன்வெர்ட்டரும் இதைத்தான் எண்ணெயை வைத்துச் செய்கிறது. எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் ஒரு சக்கரம் எண்ணெயை வீசுகிறது. எதிரே கியர்பாக்ஸோடு சேர்ந்த சக்கரம் அந்த வீச்சில் சுற்றுகிறது. நடுவில் ஸ்டேட்டர் என்று மூன்றாவது ஒன்று, ஒரு பக்கம் மட்டுமே சுற்றக் கூடியது, திரும்பி வரும் எண்ணெயின் போக்கைத் திருப்பிவிடுகிறது. இதனால் வண்டி கிளம்பும் நேரத்தில் எஞ்சின் தரும் முறுக்கு விசை ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. ஹெர்மன் ஃபோட்டிங்கர் என்ற ஜெர்மன் பொறியாளர் 1905-ல் இதற்குக் காப்புரிமை வாங்கியது கப்பலுக்காக. நம் நாட்டிலும் எம்.எம்.சூரி என்ற ரயில்வே பொறியாளர் டார்க் கன்வெர்ட்டரோடு வேறு இணைப்பைச் சேர்த்து ஒரு டிரான்ஸ்மிஷன் வடிவமைத்தார், ரயில்வேயின் டபிள்யூ.டி.எஸ்.4 ஷண்டிங் எஞ்சின்களில் அது ஓடியது. பட்நாகர் விருது வாங்கியவர். பின்னால் சுவராஜ் டிராக்டர் உருவான துர்காபூர் ஆய்வு நிலையத்துக்குத் தலைமை வகித்தவரும் அவரே. நம் பாடப் புத்தகங்களில் அவர் பெயரை நான் பார்த்ததில்லை. அது வேறு வருத்தம்.

சரி, ஸ்டால் என்றால் என்ன? பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு, கியரில் போட்டு, ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தால் எஞ்சின் எத்தனை சுற்றில் போய் நிற்கிறதோ அதுதான் அந்தக் கன்வெர்ட்டரின் ஸ்டால் வேகம். (யாரும் சோதித்துப் பார்க்க வேண்டாம். ஐந்து நொடிக்கு மேல் பிடித்தால் உள்ளே எண்ணெய் வெந்துவிடும்.) பந்தய எஞ்சினுக்குக் கேம்ஷாஃப்ட் வேறு. அதற்கு 3,000 சுற்றுக்குக் கீழே உயிரே இருக்காது. அதனால் அவன் 3,000 ஸ்டால் போடுகிறான், கோட்டில் நிற்கும்போதே எஞ்சின் சக்தி வரும் இடத்துக்கு ஏறிவிடட்டும் என்று. பாயின் எஞ்சின் அப்படிப்பட்டதல்ல, 2,000 சுற்றிலேயே தேர் இழுக்கும். இதற்கு 3,000 ஸ்டால் போடுவது, நன்றாக இழுக்கும் பெல்ட்டில் எண்ணெயைத் தடவி வழுக்க விடுவது மாதிரி. வழுக்கல் அத்தனையும் சூடாக மாறும்.

சூடு என்றதும் ஏலகிரிக்கு வருகிறேன், ஏனென்றால் பேச்சே அங்கிருந்துதான் ஆரம்பித்தது. இரண்டு வருஷம் முன்பு ரம்ஜான் முடிந்த விடுமுறையில் பாய் குடும்பத்தோடு இம்பாலாவில் ஏலகிரிக்குக் கிளம்பினார். முன்னால் ஒரு டூரிஸ்ட் பஸ் ஊர்ந்துகொண்டே போனது. பாதி மலையில் கியர்பாக்ஸின் மூச்சுக் குழாய் வழியாக எண்ணெய் பொங்கி சைலன்சர் குழாய் மேல் வழிந்து புகை கிளம்பியது. அந்த எண்ணெய் சூடான குழாயில் பற்றிக்கொண்டால் வண்டி எரிந்துபோகும், விளையாட்டில்லை. உள்ளே கொள்ளுப் பேரக் குழந்தைகள். நல்ல வேளை, புகையோடு போயிற்று. அந்த வளைவுகளுக்குப் புலவர்கள், வள்ளல்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். எந்த வள்ளலின் வளைவு என்று பாய்க்கு நினைவில்லை, ஆனால் அன்றைக்கு வாரி வழங்கியது வண்டிதான். அதற்குப் பிறகு வண்டி மலைக்குப் போகவில்லை. ஷெட்டில் துணி போர்த்தி நிற்கிறது. வீட்டில் இப்போது இரண்டு கட்சி. பேரன் கட்சி, எல்லாவற்றையும் மாற்றலாம். பாயின் தம்பி கட்சி, ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடக் கூடாது, முடியாவிட்டால் விற்றுவிடலாம். விலைக்குக் கேட்டு பம்பாயிலிருந்து ஆள் வந்து போயிருக்கிறார்.

ஏன் பொங்கியது? கணக்குப் போட்டுப் பார்ப்போம். கணக்கு என்றதும் நகர்ந்துவிடாதீர்கள், பெருக்கல் மட்டும்தான்.

பவர்கிளைடின் முதல் கியர் விகிதம் ஏறக்குறைய 1.8. பின் ஆக்சில் 3.36. அந்த வண்டியின் டயர் அளவுக்கு, மலையில் பஸ் பின்னால் மணிக்கு 20 கிலோமீட்டரில் ஊர்ந்தால் சக்கரம் நிமிஷத்துக்கு 155 சுற்று. வழுக்கலே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் எஞ்சின் 900 சொச்சம் சுற்றுதான் சுற்ற வேண்டும். அது சும்மா நிற்கும்போது ஓடும் வேகத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம். அந்தச் சுற்றில் ஏறக்குறைய 1,600 கிலோ வண்டியையும் ஐந்தாறு பேரையும் மலையில் ஏற்ற முடியாது. ஆகவே டிரைவர் மிதிக்கிறார், எஞ்சின் 1,500-க்கும் மேலே போகிறது, வித்தியாசம் முழுவதும் கன்வெர்ட்டருக்குள் வழுக்கலாகப் போகிறது. வளைவுக்கு வளைவு, அரை மணி நேரம். டிரம் கிளம்பாமல் பெல்ட் மட்டும் வழுக்கிக்கொண்டே இருந்தால் என்ன ஆகுமோ அதேதான்.

இப்போது மூன்று கியர் பெட்டி ஒன்றைப் போடுவோம். டர்போ ஹைட்ராமேட்டிக் 350 என்று ஷெவர்லே காரர்கள் 1969 மாடலில் கொண்டுவந்தது. (பெயரில் டர்போ இருக்கிறதே தவிர டர்போசார்ஜருக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. விற்பனைக்காரன் வைத்த பெயர்.) முதல் கியர் 2.52. அதே 20 கிலோமீட்டரில் எஞ்சின் 1,300 சுற்றுக்கு வந்துவிடும். கன்வெர்ட்டர் வழுக்க வேண்டிய தூரம் பெருமளவு குறைகிறது. இரண்டாவது கியர் 1.52 என்பதால் கொஞ்சம் வேகம் கிடைத்தாலும் நடுவில் ஒரு படி இருக்கிறது. பவர்கிளைடில் அந்தப் படி கிடையாது.

ஏறுவதைவிட எனக்கு இறங்குவதுதான் பெரிய கவலை. 1964 இம்பாலாவுக்கு நாலு சக்கரமும் டிரம் பிரேக். மாஸ்டர் சிலிண்டர் ஒற்றைச் சுற்று, அதாவது ஒரு குழாய் விட்டாலும் நாலு சக்கரத்துக்கும் பிரேக் போகும். அமெரிக்காவிலேயே 1967 மாடலில்தான் இரட்டைச் சுற்று வந்தது. இந்த வண்டியைக் கொண்டு 14 வளைவு இறங்க வேண்டும் என்றால் எஞ்சின்தான் பிடித்து நிறுத்த வேண்டும். 30 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கும்போது பவர்கிளைடின் லோ கியரில் எஞ்சின் 1,400 சுற்று. 350-ன் முதல் கியரில் 1,970. பிடிமானம் நன்றாகவே கூடுகிறது. பிரேக் டிரம் சூடேறிக் கால் பாதாளத்துக்குப் போவதற்கு முன் அந்த வித்தியாசம் என்ன பெறும் என்பது மலையில் லாரி ஓட்டியவர்களுக்குத் தெரியும்.

ஆகவே நான் தொடவே கூடாது என்கிற கட்சி இல்லை. பழையது பழையபடியே இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறவர்கள் பெரும்பாலும் வண்டியை லாரியில் ஏற்றிக் கண்காட்சிக்குக் கொண்டுபோய் இறக்குகிறவர்கள். ஓட்டுகிற வண்டிக்குக் காலம் ஒரு திருத்தம் கேட்டால் கொடுப்பதில் தவறில்லை.

ஆனால் பேரன் கேட்கிற நாலு கியர் பெட்டிக்கும் நான் கையெழுத்துப் போட மாட்டேன். 700ஆர்4 என்பது அதன் பெயர், 1982-ல் வந்தது. காகிதத்தில் பார்த்தால் இதுதான் சிறந்தது. முதல் கியர் 3.06, மலைக்கு இன்னும் நல்லது. கடைசி கியர் 0.70. பெங்களூர் ரோட்டில் நூறில் போனால் எஞ்சின் 2,600 சுற்றுக்குப் பதில் 1,800. கன்வெர்ட்டருக்குள்ளேயே லாக்-அப் கிளட்ச் உண்டு, ஓட்டம் பிடித்த பின் வழுக்கலே கிடையாது. இவ்வளவு இருந்தும் ஏன் வேண்டாம் என்கிறேன்?

முதல் காரணம், நீளம். 350-ம் பவர்கிளைடும் ஏறக்குறைய ஒரே நீளம், பழைய ப்ராப்பெல்லர் ஷாஃப்ட் அப்படியே வந்து உட்காரும். 700ஆர்4 சுமார் மூன்று அங்குலம் அதிகம். ஷாஃப்டை வெட்ட வேண்டும், தாங்கும் இடம் பின்னால் போகும். அந்த வண்டியின் சட்டம் எக்ஸ் எழுத்து வடிவம், கியர்பாக்ஸ் உட்காருவது அதன் இடுப்பில். அங்கே வெல்டிங் வைப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

இரண்டாவது, ஒரு கேபிள். கார்புரேட்டரிலிருந்து அந்தப் பெட்டிக்கு ஒரு கேபிள் போகிறது. கிக்டவுன் கேபிள் என்று நினைத்து ஏனோதானோவென்று மாட்டுவார்கள். அது கிக்டவுனுக்கு மட்டுமல்ல, உள்ளே எண்ணெய் அழுத்தத்தையே தீர்மானிப்பது அதுதான். அளவு தப்பினால் அழுத்தம் குறைந்து கிளட்ச் தட்டுகள் வழுக்கி, சில கிலோமீட்டரிலேயே பெட்டி கரியாகிவிடும். அமெரிக்காவிலேயே தெருவுக்குத் தெரு இந்தத் தப்பு நடக்கிறது. இங்கே பிரஷர் கேஜ் மாட்டி அதைச் சரி பார்க்கப் போவது யார்? 350-க்கு அந்தத் தொல்லை இல்லை. எஞ்சினின் வேக்குவம் குழாய் ஒன்று, கிக்டவுனுக்கு ஒரு கேபிள், அவ்வளவுதான்.

மூன்றாவது, பெட்ரோல் மிச்சமாகும் என்கிறான். இந்த வண்டி வருஷத்துக்கு ஆயிரம் கிலோமீட்டர் ஓடினால் அதிகம். லிட்டருக்கு ஐந்து கொடுத்தால் 200 லிட்டர். ஆறு கொடுக்கும் என்று வைத்தால் 167. மிச்சம் 33 லிட்டர், மூவாயிரத்துச் சொச்சம் ரூபாய். அதற்காக வண்டியின் இடுப்பை வெட்டுவதா?

கன்வெர்ட்டருக்கு வருகிறேன். 1,800-லிருந்து 2,000-க்குள் ஸ்டால் உள்ள, கம்பெனி போட்டது மாதிரியான சாதாரண கன்வெர்ட்டர் போதும். புதியதாக இருக்க வேண்டும். காயலான் கடையில் கிடைத்த பெட்டியோடு கூட வந்ததைத் துடைத்து மாட்டுகிற வேலை கூடாது. கன்வெர்ட்டர் என்பது வெல்டிங் வைத்து மூடிய பாத்திரம், முன்பு கரிந்த பெட்டியின் தூளெல்லாம் அதற்குள் தங்கியிருக்கும். அறுத்துத் திறக்காமல் கழுவ முடியாது. புதுப் பெட்டிக்குள் பழைய விஷத்தை ஊற்றின கதைதான்.

மாட்டும்போது இன்னொன்று. கன்வெர்ட்டரைக் கியர்பாக்ஸ் மூக்கில் செருகிச் சுற்றிச் சுற்றித் தள்ளினால் ஒவ்வொரு படியாக உட்காரும். கடைசியில் பம்பின் காதில் போய்ச் சேர வேண்டும். சேராமலே பெட்டியை எஞ்சினோடு போல்ட் போட்டு இறுக்கினால் பம்ப் உடையும். வண்டி ஸ்டார்ட் ஆகும், ஆனால் நகராது. பல வருஷம் முன்பு மெட்ராஸில் ஒரு பட்டறையில் இப்படி உடைத்துவிட்டு, "சாமான் கோளாறு சார்" என்று அனுப்பிவைத்த வண்டி ஒன்றை எனக்குத் தெரியும். பெட்டியை எஞ்சினோடு இறுக்கிய பிறகும் கன்வெர்ட்டர் கையால் சுலபமாகச் சுற்ற வேண்டும், முன் தட்டுக்கும் அதற்கும் நடுவே அரைக்கால் அங்குலமாவது இடைவெளி இருக்க வேண்டும். இடைவெளி இல்லையா, கழற்றுங்கள். கூடவே நின்று பாருங்கள், கூச்சப்பட வேண்டாம்.

இதெல்லாம் கியர்பாக்ஸ் வந்த பிறகு. அதற்கு முன்பே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது, அது பைசா பெறாத வேலை என்பதாலோ என்னவோ வீடியோக்களில் பெரிதாக வருவதில்லை. ரேடியேட்டர். ஆட்டோமேட்டிக் வண்டியில் கியர்பாக்ஸ் எண்ணெய் குளிர்வதே ரேடியேட்டர் தொட்டிக்குள் ஓடும் ஒரு குழாய் வழியாகத்தான். ரேடியேட்டர் அடைத்திருந்தால் எண்ணெயும் குளிராது. நம் பக்கத்துத் தண்ணீரைப் பற்றி நான் சொல்ல வேண்டுமா? வேலூருக்கு ஒரு பழைய கிண்டல் உண்டே, தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை என்று. ஆற்றில் இல்லாத தண்ணீரை போர்வெல்லில் எடுக்கிறோம். பாலாற்றங்கரையில் அந்தத் தண்ணீர் எப்படி ஆயிற்று, அதில் நம் தொழிலின் பங்கு எவ்வளவு என்று எல்லோருக்கும் தெரியும், 1996-ல் சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கிறது. டேனரியில் பாய்லருக்கு அந்தத் தண்ணீரை நேரடியாக விடவே மாட்டோம், சாஃப்ட்னர் வழியாகத்தான் போகும். அதே தண்ணீரை வீட்டு டிரைவர் குடத்தில் பிடித்து ரேடியேட்டரில் ஊற்றுவார். நாற்பது வருஷம் ஊற்றினால் உள்ளே சுண்ணாம்புப் பாறைதான் இருக்கும்.

நான் பாயிடம் சொன்ன வரிசை இது. முதலில் ரேடியேட்டரைக் கழற்றி உள்குழாய்களைச் சுத்தம் செய்து, இனி சுத்திகரித்த தண்ணீரும் கூலன்ட்டும் மட்டும். அடுத்து, ரேடியேட்டருக்கு முன்னால் காற்றுப் படும் இடத்தில் தனியாக ஒரு ஆயில் கூலர், ரேடியேட்டரிலிருந்து திரும்பும் எண்ணெய் அது வழியாகப் பெட்டிக்குப் போகட்டும். கூடவே எண்ணெய்ச் சூட்டைக் காட்டும் ஒரு மீட்டர். 80, 90 டிகிரியில் இருந்தால் கவலை இல்லை. அதற்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் எண்ணெயின் ஆயுள் பாதியாகும் என்பது பட்டறைக் கணக்கு. 120-ஐத் தொட்டால் ஓரம் கட்டி நிறுத்த வேண்டும். மூன்றாவதாக, இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டர். இவை முடிந்த பிறகுதான் கியர்பாக்ஸ் பேச்சு. ஒருவேளை ரேடியேட்டரும் கூலரும் சரியானதும் பவர்கிளைடே ஏலகிரியை ஏறிவிடலாம். ஆனாலும் இறக்கத்துக்காக 350 வேண்டும் என்பதே என் எண்ணம்.

பாயின் தம்பி, சட்டத்தைக் காட்டினார். அவர் சொன்னதிலும் விஷயம் இருக்கிறது. 50 வருஷம் தாண்டிய வண்டிகளை விண்டேஜ் என்று தனியாகப் பதிவு செய்ய 2021-ல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. நம்பரில் 'வி.ஏ.' என்று எழுத்து வரும். புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். சேஸிஸ், பாடி, எஞ்சின் இவற்றில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது என்பது நிபந்தனை. தவிர, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு சொல்கிறது, 2019-ல் சுப்ரீம் கோர்ட் அதை அழுத்திச் சொன்னது. ஆர்.சி.யில் எஞ்சின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் இருக்கின்றன, கியர்பாக்ஸுக்கு நம்பர் பதிவதில்லை. எதையும் வெட்டாமல், ஒட்டாமல் அதே போல்ட் துளைகளில் உட்காரும் 350 என்றால் எப்போது வேண்டுமானாலும் பழைய பெட்டியைத் திரும்ப மாட்டலாம். சட்டத்தை வெட்டி 700ஆர்4 வைத்துவிட்டால் அந்தப் பேச்சு எடுபடாது. எதுவானாலும் சாமான் ஆர்டர் போடும் முன்பே ஆர்.டி.ஓ. ஆபீஸில் எழுத்து மூலம் கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

ஒரு சின்னக் குறை வரும். ஸ்டியரிங் தண்டில் இருக்கும் கியர் காட்டியில் பவர்கிளைடுக்கு ஐந்து எழுத்துதான், 350-க்கு ஆறு இடம் வேண்டும். பேரன் புது எழுத்துத் தட்டு வாங்கலாம் என்றான். பாய் ஒத்துக்கொள்ளவில்லை. "வாப்பா பார்த்த தட்டு அது. எந்த இடத்துல எந்த கியர்னு என் கைக்குப் பழகிடும்" என்று முடித்துவிட்டார்.

ரேடியேட்டர் போன வாரம் கழற்றியாயிற்று. மேல் தொட்டியைத் திறந்தபோது குழாய்களில் பாதிக்கு மேல் வெள்ளையாக அடைத்திருந்தது. பேரன் அதைப் போட்டோ எடுத்து பெங்களூர் நண்பர்களுக்கு அனுப்பினான், 3000 ஸ்டால் பேச்சை அதற்குப் பிறகு அவன் எடுக்கவில்லை. பவர்கிளைடு இறங்கினால் எண்ணெயை வடித்து, துளைகளை அடைத்து, கிரீஸ் தடவி, பாலிதீனில் சுற்றி மரப் பெட்டியில் வைக்க வேண்டும். இடத்துக்குப் பஞ்சமில்லை, கிடங்குகள் பாதி காலியாகத்தான் கிடக்கின்றன. பச்சைத் தோல் உப்புப் போட்டு அடுக்கியிருந்த கிடங்கு மட்டும் வேண்டாம் என்று சொன்னேன். அந்தத் தரையிலும் சுவரிலும் இன்னும் உப்பு இருக்கிறது, பெட்டி அலுமினியம், அரித்துவிடும். ஃபினிஷ்டு தோல் வைத்திருந்த மாடி அறையில் வைக்கட்டும்.